தண்ணீர் இறங்காத ஊர்

கில்தோ தெருமுனையில் திரும்பும்போதுகூட "ஓஎ!" என்று ஒரு சத்தம் போட்டுவிட்டுத்தான் திரும்புவான். வாய்க்கால் முனையில் படகுக்காரர்கள் அப்படிக் கத்துவது வழக்கம். எதிரே வருகிறவன் கண்ணுக்குத் தெரியமாட்டான் இல்லையா? இவன் நடந்து போகும்போதும் கத்துவான், ரொட்டிக் கடைக்குள் நுழையும்போதும் கத்துவான். வெனிஸில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. எங்கள் சந்து நாய்கூடத் தலையைத் தூக்காது.

அவன் சரக்குப் படகு ஓட்டுகிறவன். சலவை இயந்திரம், சிமெண்டு மூட்டை, ஓட்டல் படுக்கை விரிப்பு எல்லாம் அவன் படகில்தான் போகும். என் புருஷன் ஒலிந்தோ அதே படகில் சுமை தூக்குகிறான். நான் பாலத்தடியில் காய்கறிக் கடை வைத்திருக்கிறேன். காலையில் என் முட்டைக்கோஸை இறக்கும்போது கூடவே ஒரு வம்பையும் இறக்காமல் கில்தோ போகமாட்டான்.

"ஃபோஸ்கா, உன் புருஷன் ராத்திரி என்னத்தத் தின்னான்? படகு ஒரு பக்கமா சாயுது பாரு!"

"உன் வீட்டுச் சோத்தையா தின்னான்? மூடிக்கிட்டு மூட்டைய இறக்கு."

ஒலிந்தோ இதற்கெல்லாம் வாயைத் திறக்கமாட்டான். அவன் வாயைத் திறந்தால் அது சாப்பிடுவதற்காகத்தான் இருக்கும். ஆள் அந்த அளவு. நான் கட்டிக்கொண்டபோது இப்படி இல்லை.

கில்தோவுக்கு ஒரே மகள், ஜெம்மா. அவளுக்கு ஏழு வயதிருக்கும்போது அவள் அம்மா ஆதா இறந்துபோனாள். அதன்பிறகு அந்தப் பிள்ளை வளர்ந்தது படகில்தான். பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் குளிர்பதனப் பெட்டிமேல் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். எங்கள் ஊரில் கல்யாணப் பெண்ணைப் படகில்தான் அழைத்துப் போவோம். பூ வைத்த படகு ஒன்று எதிரே வந்தால் போதும், ஜெம்மா பென்சிலைக் கடித்துக்கொண்டு பார்த்தபடி இருப்பாள்.

"அப்பா, என்னைய யாரு கூட்டிட்டுப் போவாங்க?"

"வேற யாரு? உன் அப்பன்தான். மோட்டார் கிடையாது, கூலிக்காரன் கிடையாது. நானே துடுப்புப் போட்டு வாசல் வரைக்கும் கொண்டு விடுவேன்."

இதை நான் கடையில் நின்றபடி நூறு தடவை கேட்டிருக்கிறேன். அப்பன் சொன்னதை மகள் மறக்கவில்லை, மகளிடம் சொன்னதை அப்பனும் மறக்கவில்லை.

அப்புறம் என்ன? பெண் படித்தாள், வேலை கிடைத்தது, ஹாலந்தில் லெய்டன் என்கிற ஊருக்குப் போனாள். அங்கே யெல்லே என்று ஒரு பையனைப் பிடித்தாள். கல்யாணமும் அங்கேதான் என்று தொலைபேசியில் சொன்னபோது கில்தோ என் கடையில்தான் நின்றுகொண்டிருந்தான். ஒரு தக்காளியைக் கையில் எடுத்தவன் நசுக்கியே விட்டான்.

"ஏன், இங்க கல்யாணம் பண்ணா சர்ச் இடிஞ்சு விழுந்துடுமா?" என்று கேட்டான். அவள் ஏதோ சொன்னாள். இவன் நசுங்கின தக்காளியைக் கூடையில் போட்டான். கடைசியில், "அங்க தண்ணி இருக்கா?" என்றான்.

"ஊர் முழுக்க வாய்க்கால்தான்ப்பா!"

"அப்போ சரி."

நாங்கள் மூன்று பேரும் ரயிலில் கிளம்பினோம். கில்தோ தன் துடுப்பையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான்! இரண்டு ஆள் நீளத் துடுப்பு. கூடவே அதைத் தாங்குகிற வாதுமை மரக் கொம்பை என் பெட்டிக்குள், என் நல்ல செருப்புமேல் திணித்துவிட்டான். துடுப்பு ரயில் பெட்டி நடைபாதையில் நீளவாக்கில் படுத்துக்கொண்டது. போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் அதைத் தாண்டித் தாண்டிப் போனார்கள். மியூனிக் தாண்டியதும் டிக்கெட் பரிசோதகர் வந்து, யாருடையது இது என்று கேட்டார். ஒலிந்தோ சட்டென்று கண்ணை மூடிக் குறட்டை விட்டான். கில்தோ எழுந்து, "என் மகள் கல்யாணம்" என்று எங்கள் மொழியில் சொன்னான். அவர் ஜெர்மன் மொழியில் ஏதோ கத்தினார். இவன் அதைவிட உரக்கக் கத்தினான். அப்புறம் அவரே அதைத் தாண்டிப் போய்விட்டார்.

லெய்டனில் இறங்கியதும் முதல் வேலையாக வாய்க்காலைப் பார்க்கப் போனோம். வேறு எதைப் பார்ப்பது? நல்ல தண்ணீர்தான். வாத்துகள், படகு வீடுகள், கரையோரம் மரங்கள். ஆனால் வாய்க்கால் ஒவ்வொன்றும் அடிக்கோல் வைத்துப் போட்ட மாதிரி நேர்.

"இதுல படகு ஓட்டறதுக்கு மூளையே வேண்டாம்டா" என்றான் கில்தோ. அவனுக்கு அதில் ஒரு சந்தோஷம். சுவர் ஓரமாகக் குனிந்து பார்த்தான். எங்கள் ஊர்ச் சுவரில் கடல் தண்ணீர் தினமும் ஏறி இறங்குகிற உயரத்துக்குப் பச்சைப் பாசி பட்டையாக ஒட்டியிருக்கும். இங்கே அப்படி ஒன்றும் இல்லை. செங்கல்லில் தண்ணீரை உரசிக்கொண்டு பூச்செடி முளைத்திருந்தது.

"சுவத்தைக்கூடத் தேச்சுக் கழுவுறாங்க போல" என்றேன் நான்.

"சுத்தக்காரங்கதான்" என்று அவனும் ஒத்துக்கொண்டான்.

ஒத்துக்கொள்ள முடியாதது சைக்கிள். எங்கள் மூவருக்கும் சைக்கிள் ஓட்டத் தெரியாது. எங்கள் ஊரில் எங்கே ஓட்டுவது, பாலத்துப் படிக்கட்டிலா? இங்கே பிறந்த குழந்தை முதல் பல் போன கிழவர் வரை சைக்கிள்மேல்தான் இருக்கிறார்கள். கில்தோ ஒவ்வொரு முனையிலும் "ஓஎ!" என்று கத்தினான். ஒரு பெண் மிரண்டுபோய் மரத்தில் மோதப் பார்த்தாள். ஜெம்மா கைகூப்பாத குறையாக, "அப்பா, இங்க மணி அடிச்சாப் போதும்ப்பா" என்றாள்.

"என்கிட்ட ஏது மணி?"

சம்பந்தி வீட்டுக்குப் போனோம். யெல்லேயின் அப்பா ஹார்மென் படகுப் பட்டறையில் இரும்பு ஒட்டுகிற வெல்டர். ஆள் கொடிக்கம்பம் மாதிரி உயரம், பேச்சு கொஞ்சம். அவர் மனைவி மீப் காபி கொடுத்தாள். தகர டப்பாவைத் திறந்து ஆளுக்கு ஒரு பிஸ்கட் எடுக்கச் சொன்னாள், எடுத்தோம், உடனே டப்பாவை மூடிவிட்டாள். ஒலிந்தோ அந்த மூடியையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் காலால் மிதித்தேன்.

"ஒண்ணே ஒண்ணா?" என்று என் காதில் கேட்டான்.

"வாயை மூடு. சம்பந்தி வீடு."

நல்ல வேளை, நாங்கள் வெங்காயமும் வினிகரும் போட்டு ஊறவைத்த மத்தி மீனை ஒரு பெரிய ஜாடியில் கொண்டுபோயிருந்தோம். அதைத் திறந்ததும் ஹார்மென் முகத்தில் முதல்முறையாக ஒரு வெளிச்சம் வந்தது. மூன்று தடவை போட்டுக்கொண்டார். ஜாடியை நான் மூடவே இல்லை என்பதை இங்கே சொல்லிவைக்கிறேன்.

கல்யாணப் படகு ஹார்மெனுடையது. திறந்த இரும்புப் படகு, அகலமானது, உறுதியானது. கில்தோவின் வாதுமைக் கொம்பைச் செருக, ஓரத்தில் ஒரு இரும்புக் குழாயை ஒட்டித் தந்தார். கில்தோ கொம்பைச் செருகி, துடுப்பை வைத்து, பின்பக்கம் நின்றபடி ஒரு வட்டம் போட்டு வந்தான். இங்கே எல்லாரும் உட்கார்ந்து, போகிற திசைக்கு முதுகு காட்டித் துடுப்புப் போடுகிறவர்கள். நின்று முன்பக்கம் பார்த்துப் போடுகிற ஆளைப் பார்த்ததும் கரையில் கூட்டம் கூடிவிட்டது. கில்தோவுக்குத் தலைகால் புரியவில்லை.

சண்டை கயிற்றில் ஆரம்பித்தது. கில்தோ படகைக் கட்டும்போது கயிற்றைத் தாராளமாக விட்டுக் கட்டினான். தண்ணீர் இறங்கினால் படகும் இறங்க வேண்டாமா? இறுக்கிக் கட்டினால் படகு சுவரில் தொங்கும். எங்கள் ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். ஹார்மென் வந்து பார்த்தார், கயிற்றை இழுத்து இறுக்கிக் கட்டினார். அவர் உள்ளே போனதும் இவன் தளர்த்தினான். அவர் சுருட்டுப் பிடிக்க வெளியே வந்து மறுபடி இறுக்கினார்.

"படகு வச்சிருக்கான், கட்டத் தெரியல. இவன் வீட்லயா என் பொண்ணு வாழப்போகுது?" என்று கில்தோ என்னிடம் பல்லைக் கடித்தான்.

அந்தப் பக்கம் சமையலறையில் ஹார்மென் மீப்பிடம் அவர்கள் மொழியில் ஏதோ முணுமுணுத்தார். அர்த்தம் கேட்க எனக்கு ஜெம்மா தேவைப்படவில்லை.

மறுநாள் சாயந்திரம் ஹார்மென் எங்களைக் கரைக்குக் கூப்பிட்டார். படகின் நடுவில் ஒரு பெரிய இரும்பு வளைவு நின்றது. பூச்சுற்றுவதற்காகத் தானே வளைத்து, தானே ஒட்டியிருந்தார். கல்யாணப் பெண் அதன் கீழே உட்கார வேண்டும். மனுஷன் இரண்டு நாளாகப் பட்டறையில் ரகசியமாக வேலை செய்தது இதற்குத்தான். ஜெம்மா ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொண்டாள்.

"கோழிக்கூண்டு" என்றான் கில்தோ, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. ஆனால் மகள் முகத்தைப் பார்த்தான். அப்புறம் தானும் வளைவைத் தட்டிப் பார்த்துத் தலையாட்டினான்.

இருட்டுவதற்குள் என்னை இழுத்துக்கொண்டு வழியைப் பார்க்கப் போனான். கல்யாணம் பதிகிற நகர மன்றத்தின் பின்வாசல் தண்ணீரைப் பார்த்த மாதிரி இருக்கிறது. அதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு தட்டைப் பாலம், நன்றாகத் தாழ்ந்தது. அதன் அடியில்தான் போயாக வேண்டும். வேறு வழியாகச் சுற்றினால் ஊரையே வலம் வரவேண்டும். கில்தோ தண்ணீரிலிருந்து வளைவின் உச்சிவரையான உயரத்தைத் துடுப்பில் முன்பே அடையாளம் வைத்து எடுத்து வந்திருந்தான். பாலத்தடியில் நிறுத்திப் பார்த்தான். வளைவு பாலத்தில் நான்கு விரல் இடிக்கும் என்று தெரிந்தது.

"அய்யய்யோ!" என்றேன்.

"என்ன அய்யய்யோ? நிலாவைப் பாரு." வானத்தைப் பார்த்து விரல் மடக்கிக் கணக்குப் போட்டான். "நாளைக்குப் பத்து மணிக்கெல்லாம் தண்ணி நல்லா இறங்கிடும். நாலு விரல் என்ன, நாலு முழமே கிடைக்கும்."

நானும் நிலாவைப் பார்த்தேன். கணக்குச் சரியாகத்தான் இருந்தது. எங்கள் இருவருக்கும் அதில் ஒரு துளி சந்தேகம் வரவில்லை.

கல்யாணத்தன்று காலை நல்ல வெயில். வளைவு முழுக்க வெள்ளைப் பூ. கீழே ஜெம்மா. அவளைப் பார்த்ததும் எனக்கு ஆதா ஞாபகம் வந்தது. கில்தோ புதுக் கோட்டும் பழைய தொப்பியுமாகப் பின்பக்கம் ஏறி நின்றான். உடையைத் தூக்கிப் பிடிக்க நான் படகில். ஒலிந்தோவும் ஏறப்போனான்.

"நீ எங்கடா? நீ ஏறினா படகு உக்காந்துடும். கரையோட வா."

பாவம், அவனை மீப் தன் சைக்கிளின் முன்பெட்டியில் உட்காரவைத்தாள். இங்கே பெண்கள் பிள்ளைகளையும் நாயையும் ஏற்றிக்கொண்டு போகிற மரப்பெட்டி அது. அதில் என் புருஷன் கோட்டு சூட்டோடு, முழங்கால் தாடையில் இடிக்க, மடியில் ஒயின் கூடையோடு உட்கார்ந்து வந்தான். சம்பந்தி வீட்டார் எல்லாரும் மணியடித்துக்கொண்டு கரையோரமாகச் சைக்கிளில் கூடவே வந்தார்கள். யெல்லே வாசலில் காத்திருப்பதாக ஏற்பாடு.

பாலத்துக்கு வந்தோம். கில்தோ படகை ஓரங்கட்டினான். துடுப்பை வைத்தான். ஒலிந்தோவிடமிருந்து ஒரு கிளாஸ் ஒயின் வாங்கிக்கொண்டு சாவகாசமாக உட்கார்ந்தான்.

கரையில் எல்லாரும் சைக்கிளிலிருந்து ஒரு காலை ஊன்றி நின்று பார்த்தார்கள். ஹார்மென் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். கல்யாணம் பதிகிற நேரம் பதினொன்று, இந்த ஊரில் பதினொன்று என்றால் பதினொன்றுதான். அடுத்த ஜோடி பின்னாலேயே வரிசையில் நிற்கும்.

"என்னப்பா? ஏன் நிக்கிறோம்?" என்றாள் ஜெம்மா.

"கொஞ்சம் பொறும்மா. தண்ணி இறங்கட்டும்."

ஜெம்மா அவனைப் பார்த்தாள். பாலத்தைப் பார்த்தாள். தலைக்கு மேலே வளைவைப் பார்த்தாள். அந்தப் பிள்ளையின் முகம் அப்படியே விழுந்தது.

"அப்பா... இங்க தண்ணி இறங்காதுப்பா."

"எந்த ஊர்லம்மா தண்ணி இறங்காம இருக்கும்?"

"இந்த ஊர்ல. கடலை மதகு போட்டு வெளிய நிறுத்தி வச்சிருக்காங்க. வாய்க்கால் எப்பவும் ஒரே மட்டம்தான். நான் வந்து எட்டு வருஷத்துல ஒரு விரல்கூட ஏறினதும் இல்ல, இறங்கினதும் இல்ல."

கில்தோ சுவரைப் பார்த்தான். தண்ணீரை உரசிக்கொண்டிருந்த பூச்செடியைப் பார்த்தான். ஹார்மென் இறுக்கி இறுக்கிக் கட்டிய கயிறு அவன் ஞாபகத்துக்கு வந்திருக்க வேண்டும், ஏனென்றால் எனக்கு வந்தது. ஒயின் கிளாஸைக் கீழே வைத்தான். நாற்பது வருஷமாக அவனைப் பார்க்கிறேன், கிளாஸில் ஒயினை மிச்சம் வைத்துப் பார்த்தது அன்றுதான்.

ஹார்மெனுக்கு விஷயம் புரிந்தது. சிரிப்பார் என்று நினைத்தேன், சிரித்திருந்தால் வாத்துக்கு எறிகிற ரொட்டியை அவர்மேல் எறிந்திருப்பேன். அவர் சிரிக்கவில்லை. முகம் சிவந்துபோய், கரையில் மண்டிபோட்டு, தான் ஒட்டிய வளைவையே இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்த்தார். பாவி மனுஷன் அப்படி ஒட்டியிருந்தார், அசையவில்லை. அறுக்கிற இயந்திரம் பட்டறையில் இருக்கிறது, போய் எடுத்து வரட்டுமா என்று கேட்டார். நேரம் எங்கே இருக்கிறது?

"பரவால்லப்பா, இங்கதானே இருக்கு. நடந்து போயிடலாம்" என்றாள் ஜெம்மா. சொல்லும்போதே குரல் உடைந்தது. "பாதி தூரம் நீ கூட்டிட்டு வந்துட்டே இல்ல?"

"பாதி தூரம்" என்று கில்தோ அதையே திருப்பிச் சொன்னான். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். இருபத்தைந்து வருஷமாகச் சொன்ன சொல்லுக்குப் பாதி தூரம்! என்னால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அப்போதுதான் ஒலிந்தோ அந்தப் பெட்டியிலிருந்து எழுந்தான். நண்பன் இப்படி உட்கார்ந்திருப்பதை அவனால் பொறுக்க முடியவில்லை. யாரையும் கேட்காமல், கூடையோடு படகில் கால் வைத்து இறங்கி, கில்தோ பக்கத்தில் உட்கார்ந்து, அவன் தோளில் கைபோட்டான்.

படகு 'லொடக்' என்று இறங்கியது.

கில்தோ தலையைத் தூக்கினான். வளைவைப் பார்த்தான். பாலத்தைப் பார்த்தான். ஒரு விரல்! என் புருஷன் ஒருத்தனே ஒரு விரல்!

"ஒலிந்தோ! அசையாதடா! எந்திரிச்சே, கொன்னுடுவேன்!" என்று துள்ளி எழுந்தான் கில்தோ. "தண்ணி இறங்கலேன்னா போகட்டும், நாம இறங்குவோம்! ஜெம்மா, உன் மாமனாரை ஏறச் சொல்லு! எல்லாரையும் ஏறச் சொல்லு! குண்டா இருக்கிறவங்க முதல்ல!"

ஜெம்மா அழுகையும் சிரிப்புமாக மொழிபெயர்த்தாள். குண்டா இருக்கிறவர்கள் என்பதை விட்டுவிட்டாள் என்று நினைக்கிறேன். ஹார்மென் ஒரு நொடி யோசித்தார். அடுத்த நொடி சைக்கிள் தரையில், அவர் படகில். பின்னாலேயே அவருடைய இரண்டு தம்பிகள், ஒவ்வொருத்தனும் ஒரு கதவு அகலம். மீப் குதித்தாள். அப்படியும் ஒன்றரை விரல் இடித்தது. ஹார்மென் கரையைப் பார்த்து ஏதோ கூவினார். பெஞ்சில் உட்கார்ந்து, இந்த ஊர் வழக்கப்படி பச்சை மீனை வாலைப் பிடித்துத் தின்றுகொண்டிருந்த பெரியவர் மீனோடு வந்து ஏறினார். தபால் கொடுக்கிற பெண் பையோடு ஏறினாள்.

"கர்ப்பிணி யாராச்சும் இருக்காங்களா, ரெண்டு பேர் கணக்குல வருமே!" என்று கில்தோ கத்தினான்.

"பிஸ்கட் டப்பாவைத் திறந்து விட்டிருந்தா நானே போதும்" என்றான் ஒலிந்தோ. நாள் முழுக்க அவன் பேசியது அது ஒன்றுதான்.

வளைவு பாலத்துக்கு ஒரு நூல் கீழே வந்தது, படகின் விளிம்பும் தண்ணீருக்கு இன்னும் ஒரு முழம் மேலேயே இருந்தது. கில்தோ துடுப்பை எடுத்தான். "தலையைக் குனிங்க!" எல்லாரும் ஒருவர்மேல் ஒருவராகச் சாய்ந்தார்கள். பெரியவரின் மீன் என் தோளில் உட்கார்ந்தது. "ஓஎ!" என்று கில்தோ பாலத்தடியில் கத்தினான். என்ன தோன்றியதோ, படகில் இருந்த அத்தனை ஹாலந்துக்காரர்களும் கூடவே "ஓஎ!" என்று கத்தினார்கள். பாலம் அதிர்ந்தது. உச்சியிலிருந்த ஒரு வெள்ளைப் பூ கல்லில் உரசி ஜெம்மா மடியில் விழுந்தது. அவ்வளவுதான் சேதம். நாங்கள் வெயிலுக்கு வந்துவிட்டோம்.

கில்தோ பாரம் இழுக்கிற மாடு மாதிரி மூச்சுவாங்கினான். அத்தனை பேரையும் ஒரே துடுப்பில் தள்ள வேண்டாமா? ஹார்மென் உதவிக்கு எழுந்தார், "உக்காரு சம்பந்தி, உன் எடை தேவைப்படலாம்" என்று அமர்த்திவிட்டான். நகர மன்றத்து மணி அடிக்க ஆரம்பித்தபோது படகு படிக்கட்டில் இடித்தது. யெல்லே ஓடிவந்தான். கில்தோ முதலில் தான் இறங்கி, கோட்டில் கையைத் துடைத்துக்கொண்டு, மகளின் கையைப் பிடித்து இறக்கினான்.

"வாசல் வரைக்கும்னு சொன்னேன் இல்ல?" என்றான். ஜெம்மா அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவனும் அழுதான், கத்துகிற அளவுக்கே சத்தமாக. "போம்மா, போ. இவங்களுக்கு நேரம் முக்கியம்."

எல்லாரும் படியேறினார்கள். படகைக் கட்ட ஹார்மென் பின்தங்கினார். நான் என் தோளிலிருந்த மீன் நாற்றத்தைத் துடைத்துக்கொண்டு நின்றதால் பார்த்தேன். அவர் கில்தோவைத் திரும்பிப் பார்த்துவிட்டு, கயிற்றைத் தாராளமாக, இரண்டு முழம் தொங்கவிட்டு, எங்கள் ஊர்க் கட்டாகக் கட்டினார். கட்டிவிட்டு உள்ளே போனார்.

கில்தோ அந்தக் கயிற்றைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். அப்புறம் குனிந்து அவிழ்த்து, தொய்வையெல்லாம் இழுத்து, சுவரோடு இறுக்கிக் கட்டினான்.

"என் பொண்ணு இங்கதான் இருக்கப்போறா, ஃபோஸ்கா" என்றான். "இங்க இப்படித்தான் கட்டணும்."